கூரையும் யந்திரமும்

விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படமொன்றை முதன்முதலாக நான் கையிலெடுத்துப் பார்த்தது 1974ஆம் ஆண்டிலாகும். அப்பொழுது நான் பேராதனை வளாகத்தில் புவியியல் சிறப்புப் பாடநெறி மாணவன். செய்முறை வகுப்பில் எமக்குத் தரப்பட்ட படங்கள், 1956ஆம் ஆண்டில் கனடாவின் உதவியுடன் இலங்கையை வானிலிருந்து படம்பிடித்தபோது எடுக்கப்பட்டவை. அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரு படங்களை இரட்டை வில்லைக் கருவியின் கீழே அருகருகாக வைத்து இரு கண்களாலும் உற்று நோக்கிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அவை ஒன்றாகிக் கலந்து, தட்டையான தாளிலிருந்து மலைகள் எழுந்து நிற்கும். நாள்தோறும் யன்னலூடாக நான் காணும் ஹந்தானை மலை, அன்று என் மேசைமீது ஒரு சாண் உயரத்தில் எழுந்து நின்றது. அந்த வியப்பு இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை.

எமக்கு அப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியர் இரண்டு விதிகளைச் சொல்லித் தந்தார். முதலாவது, நிழல் பார்ப்பவரை நோக்கி விழுமாறு படத்தை வைக்க வேண்டும் என்பது. அவ்வாறு வைக்காவிடின் கண் மயங்கும். மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தோன்றும். இரண்டாவது, கண்டதை முதலில் எழுத வேண்டும். கருதியதை அதன் கீழே தனியாக எழுத வேண்டும் என்பது. முதலாவது விதியை அன்றே விளங்கிக்கொண்டேன். இரண்டாவது விதி எனக்கு விளங்குவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன. அது எவ்வாறு விளங்கிற்று என்பதையும், அதனால் பின்னர் எனக்கு நேர்ந்ததையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1984ஆம் ஆண்டில் புலமைப்பரிசிலொன்றைப் பெற்று, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பல்கலைக்கழகமொன்றுக்கு மேற்படிப்புக்காகச் சென்றேன். கைத்தொழில் நகரங்களின் வளர்ச்சி என் ஆய்வுப்பொருள். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்திலும் அதன் பின் வந்த சில ஆண்டுகளிலும் பிரித்தானிய விமானப்படை அந்நாட்டின் பெரும்பகுதியைச் செங்குத்தாகப் படம்பிடித்திருந்தது. நிலப்படங்களைப் புதுப்பிப்பதற்கெனவே அப்பணி மேற்கொள்ளப்பட்டது. அப்படங்களின் பிரதிகள் பல எமது துறையின் நிலப்பட அறையில் பெட்டி பெட்டியாக இருந்தன. அவற்றுள் ஒரு பெட்டியின் அடியில் யுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே எடுக்கப்பட்ட சில படங்களும் கிடந்தன. பகைவரின் நாட்டைப் பகைவர் எடுத்த படங்களல்ல அவை. தம் சொந்த மண்ணில் விழுந்த குண்டுகளின் சேதத்தைத் தாமே மேலேறிப் பார்த்து எடுத்த படங்கள்.

அவற்றுள் ஒன்று கொவென்றி நகரின் புறத்தே இருந்த தொழிற்சாலையொன்றின் படம். வாளின் பற்களைப் போல வரிசை வரிசையாக அமைந்த கூரை. வடதிசை ஒளி உள்ளே விழுவதற்காக ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கமும் கண்ணாடியால் வேயப்படுவது அக்காலத்துத் தொழிற்சாலைகளின் வழக்கம். அப்படத்திலோ பற்கள் இருந்தன, தோல் இல்லை. கண்ணாடியும் ஓடும் தகரமும் அகன்றுபோய், உருக்குச் சட்டங்கள் மாத்திரம் மீனின் முள்ளைப் போல நின்றன. நான் என் குறிப்பேட்டில் தயக்கமின்றி எழுதினேன்: “கட்டடத் தொகுதி முற்றாக அழிந்துள்ளது, உற்பத்தி நின்றுபோயிற்று.”

நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டியவர். கொவென்றியிலே பிறந்து, அங்கேயே பொறி வேலை பழகி, ஓய்வுபெற்ற பின் எமது நகருக்கு வந்து குடியேறியவர். அன்று மாலை நான் மேசைமீது வைத்திருந்த பிரதியைக் கண்டு, மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்தார். அது அவர் வேலை செய்த தொழிற்சாலையன்று. ஆயினும் அதே வகைக் கூரையின் கீழ் நின்று வேலை செய்தவர் அவர். என் குறிப்பையும் வாசித்தார்.

“கூரை போயிற்று என்று எழுதும். அதுதான் இதிலே தெரிகிறது. தொழிற்சாலை போயிற்று என்பதை நீர் எங்கே கண்டீர்?” என்று கேட்டார்.

அதன்பின் அவர் தம் கதையைச் சொன்னார். 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவருக்குப் பதினாறு வயது. 14ஆந் திகதி இரவு ஏழு மணிக்குப் பின் தொடங்கிய குண்டுவீச்சு மறுநாள் விடியும்வரை நீடித்தது. காலையில் பேருந்து இல்லை. வீதியே பல இடங்களில் இல்லை. தாயார் தடுத்தும் கேளாமல் அவர் நடந்தே வேலைக்குப் போனார். தொழிற்சாலையின் வாயிலில் மேற்பார்வையாளர் வருபவர்களுக்கெல்லாம் தும்புத்தடியைக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். உள்ளே போனால் தலைக்கு மேலே வானம். காலின் கீழே கணுக்கால் அளவுக்குக் கண்ணாடித் துண்டுகள். ஆனால் அக்கண்ணாடிக் குவியலினிடையே கடைச்சற் பொறிகளும் துளையிடும் பொறிகளும் முதல்நாள் விட்டுப்போன இடத்திலேயே நின்றன. முதல் வேலை, பொறிகளைத் துடைத்து அவற்றின்மீது கிறீஸ் பூசுவது. இரண்டாவது வேலை, கிடைத்த தறப்பாள்களையெல்லாம் அவற்றின்மேல் கட்டுவது. “குண்டுக்குத் தப்பிய பொறியை மழை தின்றுவிடும் என்பதுதான் எங்களுடைய பயம்” என்றார்.

மின்சாரம் திரும்ப வந்த பின்னரும் ஒரு தடை இருந்தது. கூரையில்லாத இடத்தில் இரவில் விளக்கேற்ற முடியாது. இருட்டடிப்புச் சட்டம் அதற்கு இடந்தராது. ஆகவே கூரை மூடப்படும்வரை பகலில் மாத்திரம் வேலை. மேலங்கியைக் கழற்றாமலே பொறியின் முன் நின்றதையும், உருக்குத் துண்டைத் தொட்டால் குளிரில் விரல் ஒட்டிக்கொண்டதையும் சொல்லிச் சிரித்தார். நத்தாருக்கு முன்னரே தம் பகுதியிலிருந்து பொருள்கள் வெளியே போகத் தொடங்கிவிட்டன என்றார். பின்பு சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “எனக்கு அடுத்த பொறியில் நின்றவர் அன்று வரவில்லை. பிறகும் வரவில்லை. அவருடைய பொறியில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை” என்று கூறி எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு என் குறிப்பை அழித்துவிட்டு, “கூரையின் மேற்பூச்சு அகன்றுள்ளது, உருக்குச் சட்டம் நிற்கிறது” என்று எழுதினேன். அதன் கீழே எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமிருக்கவில்லை.

அதற்குப் பின்னரே, அப்படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன, யாரால் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்பதைத் தேடிப் படிக்கலானேன். என் ஆய்வுக்கு அது நேரடியாகத் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு முதியவரின் கேள்வி சில வேளைகளில் ஒரு பாடநெறியைவிட நீண்டதாய்விடுகிறது.

கொவென்றியின்மீது அன்றிரவு வந்த ஜேர்மன் விமானங்கள் நானூறுக்கு மேற்பட்டவை. கொட்டிய வெடிகுண்டுகளின் நிறை ஏறத்தாழ 500 தொன். அவற்றோடு பல்லாயிரம் தீக்குண்டுகள். இறந்தோர் ஐந்நூறுக்கும் அதிகமானோர். பரிசுத்த மிக்கேல் பேராலயம் எரிந்து, சுற்றுச் சுவர்களும் கோபுரமும் எஞ்சின. விமானம், மோட்டார் வாகனம், பொறிக்கருவி ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் நெருங்கியிருந்தமையாலேயே அந்நகரம் இலக்காயிற்று. அத்தொழிற்சாலைகள் பல அன்றிரவு அடிபட்டன. ஆயினும் மறுநாள் அவற்றை முடக்கியது பெரும்பாலும் நீரும் எரிவாயுவும் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தமையே. அவை திரும்பத் திரும்ப, தொழிற்சாலைகளும் சில கிழமைகளிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கின. நிலத்தின் கீழே ஓடும் குழாயொன்று உடைந்ததை மேலிருந்து எடுத்த எந்தப் படமும் காட்டாது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கூரை போய் யந்திரம் எஞ்சுவதற்கான காரணம் விளங்குவதற்கு அரியதன்று. வெடித்த குண்டிலிருந்து பரவும் அமுக்க அலை, பரந்தும் இலேசாகவும் உள்ளவற்றையே முதலில் பிய்த்தெறிகிறது. கண்ணாடியும் தகரமும் அஸ்பெஸ்ரஸ் தகடும் அத்தகையன. அவை எளிதில் கழன்றுவிடுவதனாலேயே அவற்றைத் தாங்கி நிற்கும் உருக்குச் சட்டம் தப்புகிறது. அமுக்கம் திறந்த வெளிகளினூடே போய்விடுகிறது. கீழேயுள்ள பொறிகளோ வார்ப்பிரும்பாலானவை; பல தொன் நிறையுடையவை; கொங்கிறீற்றுத் தளத்தில் முடுக்கப்பட்டவை. குண்டு நேரே விழுந்தாலோ, பெருந்தீ பிடித்தாலோ, கனத்த உத்தரம் மேலே சரிந்தாலோ அன்றி அவை எளிதில் அழியா. ஆகவே விமானப்படத்தில் மிகக் கொடிதாய்த் தோன்றும் சேதம், மிக மலிவாகத் திருத்தப்படக்கூடிய சேதமாகவும் இருக்கலாம்.

இதற்கு மறுதலையான உண்மையும் உண்டு. 1940 செப்ரெம்பர் 24ஆந் திகதி சவுதாம்ப்ரன் நகரின் வூல்ஸ்ரன் பகுதியில் ஸ்பிற்பயர் விமானங்களைச் செய்துவந்த சுப்பர்மறீன் தொழிற்சாலை தாக்கப்பட்டது. அன்று தொழிற்சாலைக்கு ஏற்பட்ட சேதம் சிறிது. ஆனால் வேலையாட்கள் ஒதுங்கியிருந்த புகலிடப் பக்கமாகக் குண்டுகள் விழுந்து பலர் மாண்டனர். இரு நாள்களின் பின் நிகழ்ந்த தாக்குதலிலேதான் தொழிற்சாலை பெருஞ்சேதமடைந்தது. அதே ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி பேர்மிங்கமில் துப்பாக்கி செய்யும் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில், பலமாடிக் கட்டடமொன்றின் தளங்கள் தம்மீதிருந்த யந்திரங்களோடு சரிந்து, கீழே ஒதுங்கியிருந்த தொழிலாளர் 53 பேர் உயிரிழந்தனர். வூல்ஸ்ரனின் முதல் தாக்குதலைப் பற்றி மேலிருந்து எடுத்த படமொன்று சொல்லக்கூடியது, தொழிற்சாலை நிற்கிறது என்பதே. அதுவும் உண்மைதான். ஆனால் அவ்வுண்மையை மட்டும் கேட்டவர், அங்கு நடந்ததில் எதையும் அறிந்தவராகார்.

வூல்ஸ்ரன் தொழிற்சாலையின் பின்கதையும் எமது பொருளுக்குத் தொடர்புடையது. அதை அதே இடத்தில் கட்டியெழுப்ப அவர்கள் முனையவில்லை. சவுதாம்ப்ரன், சோல்ஸ்பரி, றெடிங், ற்றோபிறிட்ஜ் முதலிய ஊர்களிலிருந்த மோட்டார் திருத்தகங்களையும் சலவைச் சாலைகளையும் பேருந்துக் கொட்டில்களையும் எடுத்து, விமானத்தின் உறுப்புகளைத் துண்டுதுண்டாக அங்கெல்லாம் செய்தனர். வானிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு சலவைச்சாலையின் கூரை சலவைச்சாலையின் கூரையே. அதன் கீழே விமானச் சிறகு செய்யப்படுவதை அவன் அறியான்.

படத்தை வாசிக்கும் கலையை அந்நாட்டார் மிகப் பெரிய அளவில் வளர்த்தனர். 1941 ஏப்பிரில் முதல் தேம்ஸ் நதிக்கரையில் மெட்மனம் என்னும் ஊரிலிருந்த டேன்ஸ்பீல்ட் மாளிகையில் இதற்கான தலைமையகம் இயங்கிற்று. புவியியலாளர், தொல்லியலாளர், கணிதர், கட்டடக்கலைஞர் எனப் பலதுறையினர் அங்குப் பணிபுரிந்தனர். பெண்களும் பெருந்தொகையினராக இருந்தனர். பேராதனையில் நாம் பயன்படுத்திய அதே இரட்டை வில்லைக் கருவியே அவர்களின் முதன்மையான ஆயுதம். குண்டுவீச்சின் சேதத்தை மதிப்பிடுவதற்கென்று தனிப்பிரிவொன்றும் அங்கிருந்தது.

படம் பொய்யை வெளிப்படுத்திய சந்தர்ப்பங்களும் உள. 1941 ஓகஸ்ரில் பற் என்னும் அரசாங்க உத்தியோகத்தர், பிரித்தானிய விமானங்கள் குண்டுவீசும்போது எடுத்த அறுநூறுக்கு மேற்பட்ட படங்களை ஆராய்ந்து அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தார். இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களுள் மூன்றிலொன்றே இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் சென்றிருந்தது என்று அவர் காட்டினார். விமானிகள் தாம் கண்டதாக நம்பியதைப் படம் மறுத்தது. ஆகவே படத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. மனிதனின் நினைவைவிட அது நேர்மையானது. ஆயினும் நேர்மையான சாட்சிக்கும் தான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை மாத்திரமே சொல்ல முடியும்.

பகைவரின் தொழிற்சாலைகளில் கூரையின் கீழே என்ன நேர்ந்தது என்பதை அறிய அவர்களிடம் ஒரே வழிதான் இருந்தது. தம் நாட்டுச் சேதத்தைத் தரையில் நின்று அளந்து, அவ்வளவுகோலைக் கொண்டு அந்நாட்டுப் படங்களை வாசிப்பது. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின் ஆராய்ச்சிப் பகுதியொன்று பிறின்சஸ் றிஸ்பரோ என்னும் சிற்றூரில் இயங்கிற்று. பிரித்தானியாவில் எங்கு எந்த நிறையுள்ள குண்டு விழுந்தது, எத்தகைய கட்டடத்துக்கு என்ன நேர்ந்தது என்பவற்றையெல்லாம் பதிவு செய்த குண்டுக் கணக்கெடுப்பு அதன் ஆதாரம். இலண்டனிலும் மாநகர ஆட்சியினர் வீதி வீதியாகச் சென்று, ஒவ்வொரு கட்டடத்தையும் நிலப்படத்தில் வர்ணந் தீட்டிக் குறித்தனர். முற்றாக அழிந்தது கறுப்பு, திருத்தவியலாதது ஊதா, பின்னர் இருவகைச் சிவப்பு, பின்னர் செம்மஞ்சள், சிறு சேதமெனின் மஞ்சள். கறுப்பையும் ஊதாவையும் வானிலிருந்தும் ஓரளவு பிரித்தறியலாம். ஏனையவற்றை அறியக் கதவைத் தட்டி உள்ளே போகவேண்டும்.

விஞ்ஞானிகளான பேர்ணாலும் சக்கர்மனும் இவ்வாறு தரையில் நின்றே ஹல், பேர்மிங்கம் ஆகிய இரு நகரங்களைப் பற்றிய ஆய்வை நெறிப்படுத்தினர். குண்டுவீச்சினால் அந்நகர மக்களின் மனவுறுதி குலைந்ததற்குச் சான்றில்லை என்பதும், உற்பத்தி இழப்பு பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கு நேரடியாக ஏற்பட்ட சேதத்தாலேயே வந்தது என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். அவ்வறிக்கை 1942 ஏப்பிரில் மாதம் நிறைவெய்தியது. ஆனால் அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே, மார்ச் 30ஆந் திகதி, பிரதமரின் விஞ்ஞான ஆலோசகரான லின்டமன், அதே ஆய்வின் தரவுகள் சிலவற்றை எடுத்துக்காட்டி, ஜேர்மன் நகரங்களின் வீடுகளை இடிப்பதே மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் வழி என்று சேர்ச்சிலுக்கு எழுதிவிட்டார். தம் முடிவுக்கு முற்றிலும் மாறான முடிவுக்குத் தம் ஆய்வு பயன்பட்டதைச் சக்கர்மன் 1978இல் வெளிவந்த தமது சுயசரிதையில் விவரிக்கிறார். கண்டதையும் கருதியதையும் தனித்தனியே எழுதாவிடின் நேர்வது என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணத்தை நான் அறியேன். என் குறிப்பேட்டுத் தவறு ஓர் அழிப்பானோடு முடிந்தது. இத்தவறுக்கு விலை கொடுத்தவை நகரங்கள்.

யுத்தம் முடிந்தபின் அமெரிக்கர் ஜேர்மனிக்குள் சென்று, தம் குண்டுவீச்சின் விளைவுகளைத் தரையில் நின்று ஆராய்ந்தபோதும் அம்முதியவர் சொன்ன செய்தியையே கண்டனர். கட்டடங்களைவிடப் பொறிகள் மிக உறுதியாக நின்றிருந்தன. 1943இல் ஷ்வைன்பூர்ட் நகரின் குண்டுப்போதிகைத் தொழிற்சாலைகளைத் தாக்கப் போய் அமெரிக்க விமானங்கள் பல மீளவில்லை. சரிந்த கூரைகளைப் படத்திற் கண்டவர்கள் பெருவெற்றி என்று மகிழ்ந்தனர். சரிந்த கூரையின் கீழே பொறிகள் பல எஞ்சியிருந்தன. ஜேர்மனியர் அவற்றை வேறிடங்களுக்குக் கொண்டுசென்று தொழிலைத் தொடர்ந்தனர். பிறின்சஸ் றிஸ்பரோவில் சேதங்களைக் கணித்தவர்களுள் ஒருவரான கணிதர் புறொனொவ்ஸ்கி, 1945ஆம் ஆண்டின் இறுதியில் நாகசாகிக்கு அனுப்பப்பட்டார். எண்களாக அறிந்த அழிவை நேரே கண்ட அந்த அனுபவம், விஞ்ஞானமும் மனித விழுமியங்களும் பற்றிப் பின்னர் அவர் எழுதிய நூலுக்கு வித்தாயிற்று.

நான் கொவென்றிக்கு ஒரு முறை போயிருந்தேன். 1962இல் திறக்கப்பட்ட புதிய பேராலயத்தின் அருகே பழைய பேராலயத்தைக் கூரையில்லாமலே விட்டுவைத்திருக்கிறார்கள். அதனுள்ளே நின்றால் வானம் தெரியும். தொழிற்சாலைகளுக்கோ அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை. உடனே கூரை போட்டார்கள். நினைவுக்காகக் கூரையைத் திறந்துவிடுவதும், வாழ்வுக்காக அதை மூடிவிடுவதும் ஆகிய இரண்டையும் அந்நகரம் செய்திருக்கிறது என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

1988இல் நான் நாடு திரும்பினேன். இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பொறி பொருத்துநராக வேலை பார்த்தவர். 1950ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய அத்தொழிற்சாலையின் சங்கொலியே எமது வீட்டின் மணிக்கூடு. வீட்டு முற்றத்து மாமரத்தின் இலைகளில் எந்நாளும் மெல்லிய சாம்பல்நிறத் தூள் படிந்திருக்கும். தாயார் அதைச் சபிப்பார். தந்தையார் அதைப் பார்த்து மகிழ்வார். தூள் படியாத நாளில், “இன்றைக்குச் சூளை நிற்கிறது” என்று கவலையோடு சொல்வார். பேராதனையில் 1956ஆம் ஆண்டுப் படங்களுள் எமது கரையோரப் படத்தைத் தேடியெடுத்து, அத்தொழிற்சாலையின் புகைபோக்கியினது நிழலைக் கண்டுபிடித்தவன் நான். விடுமுறையில் அதைச் சொன்னபோது, தந்தையார் தம் பகுதியின் கூரை எது என்று வரைந்து காட்டும்படி கேட்டார்.

1990ஆம் ஆண்டில் யுத்தம் எமது பகுதியைச் சூழ்ந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது, ஊரும் எழுந்து போயிற்று. தந்தையார் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. உறவினர் வீட்டின் பின்னறையொன்றில் இருந்துகொண்டு அவர் என்னிடம் கேட்டது வீட்டைப் பற்றியன்று. “மேலையிருந்து எடுக்கிற படம் ஒண்டு கிடைக்காதோ தம்பி? பக்டரி நிக்குதோ எண்டு பார்க்கேலாதோ?” என்பதே அவரது கேள்வி. விமானப்படம் படித்த மகனிடம் தந்தை கேட்ட ஒரேயொரு விமானப்படம் அதுதான். அதைக் கொடுக்க என்னால் இயலவில்லை. 2001இல் அவர் காலமானார்.

2009இல் யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின், ஒரு நாள் மாலை கணினித் திரையில் செய்மதிப் படத்தைத் திறந்து, தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திச் சென்று, கடல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன். கூரையில்லாத நீண்ட கட்டடங்கள் தெரிந்தன. நிழல்கள் வடக்குப் பக்கமாக விழுந்திருந்தன. என் மனம் ஒரு வாக்கியத்தைத் தானாகவே எழுதிற்று. அவ்வாக்கியத்தை நான் நன்கு அறிவேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் கொவென்றிப் படத்தின் கீழே எழுதிய அதே வாக்கியம். உடனே மேசைக்கு அப்பாலிருந்து அம்முதியவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, “அதை நீர் எங்கே கண்டீர்?” என்று கேட்பதுபோல இருந்தது.

ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். கூரை போனாலும் யந்திரம் எஞ்சலாம் என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். ஆனால் அவரது கதையில் நான் அதுவரை கவனியாத ஒரு பகுதியும் இருந்தது. கொவென்றியில் தொழிற்சாலை பிழைத்தது வார்ப்பிரும்பின் உறுதியால் மாத்திரமன்று. மறுநாட் காலையில், பேருந்து இல்லாத வீதியில், தாயின் சொல்லையும் மீறிப் பதினாறு வயதுப் பையனொருவன் வேலைக்கு நடந்து வந்தான். வாயிலில் அவன் கையில் தும்புத்தடி கொடுக்க ஒருவர் நின்றார். கிறீஸ் பூசவும் தறப்பாள் கட்டவும் ஆட்கள் இருந்தார்கள். எங்களுடைய தொழிற்சாலையில் மறுநாட் காலை எவரும் வரவில்லை; வரக்கூடிய நிலையில் எவரும் இருக்கவில்லை. ஓர் இரவின் குண்டுவீச்சுக்குத் தப்பும் பொறி, இருபது ஆண்டு உப்புக்காற்றுக்கும் மழைக்கும் தப்பாது. மேலிருந்து எடுத்த இரு படங்களில் கூரையில்லாத இரு தொழிற்சாலைகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றின் கீழே மேலங்கியோடு மனிதர் நின்று வேலை செய்துகொண்டிருந்தனர். மற்றையதன் கீழே செடிகள் முளைத்திருந்தன. வேறுபாடு கூரையிலும் இல்லை, யந்திரத்திலும் இல்லை. திரும்பி வந்தவர்களிலேயே இருந்தது.

தந்தையார் உயிரோடிருந்து அப்படத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை நினைத்ததுண்டு. தம் பகுதியின் கூரை எது என்று முதலில் கேட்டிருப்பார். பின்பு, “மேலாலை பார்த்து என்ன, உள்ளுக்குப் போய்ப் பார்க்க வேணும்” என்று சொல்லியிருப்பார். பொறி பொருத்துநர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மொழியைத்தான் பேசுகிறார்கள் போலும்.

இன்று மாணவர்களின் மேசைகளில் இரட்டை வில்லைக் கருவி இல்லை. உலகின் எம்மூலையையும் விரலசைவில் திரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் குண்டு விழுந்தால் மறுநாளே அதன் முன்னைய படமும் பின்னைய படமும் அருகருகே வெளிவருகின்றன. மாணவர் ஒருவர் அண்மையில் தமது ஆய்வேட்டின் வரைவை என்னிடம் கொண்டுவந்தார். அதில் ஒரு படத்தின் கீழே “முற்றாக அழிந்த தொழிற்சாலை” என்று எழுதியிருந்தார். நல்ல மாணவர், உழைப்பாளி. அவ்வரியை வெட்டிவிட்டு, “கூரையில்லை, சுவர்கள் நிற்கின்றன” என்று எழுதிக் கொடுத்தேன். “அதன் கீழே என்ன எழுதுவது, சேர்?” என்று கேட்டார்.

அங்கே போய், முன்பு அங்கு வேலை செய்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டு வந்து எழுதும்படி சொல்லி அனுப்பினேன்.